கல்திட்டையா, கல்பதுக்கையா, முதுமக்கள் தாழியா? பெருங்கற்காலச் சின்னங்களை எப்படிக் கட்டினாங்க, நாஞ்சில் நாட்டுக்காரங்க ஏன் கவனிக்கணும்?

2025 ஜனவரி 23ஆம் தேதி சென்னையில் ஒரு அறிக்கை வெளியானது. பெயர், 'இரும்பின் தொன்மை'. அதை வெளியிட்ட முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தமிழ் நிலத்தில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு அறிமுகமாகிவிட்டது என்று அறிவித்தார். அன்றைக்கு டிவி முழுக்க ஓடிய எண், கி.மு. 3345.

இந்தத் தேதி எங்கிருந்து வந்தது? அரண்மனையிலிருந்தோ கோட்டையிலிருந்தோ கல்வெட்டிலிருந்தோ வரவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் மண்ணுக்கு அடியில் புதைந்திருந்த முதுமக்கள் தாழிகளிலிருந்து வந்தது. இறந்தவர்களுக்காகச் செய்த பெரிய மண்பானைகள் அவை.

சிவகளை இருப்பது தாமிரபரணிப் பகுதியில். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, திருநெல்வேலி போய், கிழக்கே திரும்பினால் வந்துவிடும். ஒரு பகல் பயணம்கூட இல்லை. அப்படியானால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நாஞ்சில் நாட்டு மண்ணில் இந்த மாதிரி சின்னம் கிடைத்தால், அது என்ன வகை, எப்படிக் கட்டினது, எதை எல்லாம் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கிறது அவசியம். ஏன் அவசியம்னு கடைசியில் புரியும். முதல்ல அடிப்படையைப் பார்க்கலாம்.

பெருங்கற்காலம்னா என்ன?

கிரேக்க மொழியில் 'மெகா' என்றால் பெரிய, 'லித்தோஸ்' என்றால் கல். இரண்டையும் சேர்த்து மெகாலித்திக் என்கிறார்கள். தமிழில் பெருங்கற்காலம். பெரிய கற்களை வைத்து ஈமச்சின்னம் எழுப்பிய காலம்.

இந்தப் பெயரில் ரெண்டு குழப்பம் உண்டு.

முதல் குழப்பம், கற்காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது. தமிழ்நாட்டில் பெருங்கற்காலம் என்பது கல் ஆயுதக் காலம் இல்லை. பெரும்பாலும் இரும்புக் காலம். இந்த ஈமக்குழிகளில் இரும்புக் கத்தி, வாள், ஈட்டிமுனை, கோடாரி எல்லாம் கிடைக்கும். கூடவே கறுப்பு-சிவப்பு பானைகளும் கிடைக்கும். அந்தப் பானையில் உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்று படாத இடம் கறுத்துவிடும், காற்று பட்ட இடம் சிவந்துவிடும். இதுதான் அந்த ரெண்டு நிறத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

ரெண்டாவது குழப்பம், முதுமக்கள் தாழி. அதில் பெரிய கல்லே இல்லாமல் இருக்கலாம். அப்புறம் எப்படி அது பெருங்கற்காலம்? கல் இருக்கும் குழியிலும் கல் இல்லாத தாழியிலும் அதே மாதிரி பானை, அதே மாதிரி இரும்பு, அதே மாதிரி படையல் கிடைக்கிறது. அதனால் ரெண்டையும் ஒரே பண்பாட்டின் பகுதியாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

காலம் எப்போ? இதில்தான் கருத்து ரொம்ப மாறியிருக்கிறது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், தென்னிந்தியப் பெருங்கற்காலத்தை கி.மு. 200 அளவில் தொடங்கியதாகக் கணித்தார். அதன்பிறகு அந்தக் கணக்கு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக்கு கி.மு. 2172 என்று அறிவிக்கப்பட்டது. 2025 அறிக்கையில் சிவகளைக்கு கி.மு. 3345. அதே அறிக்கையில் திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியின் ஈமப்பேழைக்கு கி.மு. 1692.

என்னென்ன வகை இருக்கு?

எளிதாகப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: அது தரைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

தரைக்கு மேலே கண்ணில் படுபவை:

கல்திட்டை. மூணு அல்லது நாலு பலகைக்கற்களைச் சுவர் மாதிரி நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல்லைப் போட்டிருப்பார்கள். பார்க்க ஒரு சின்னக் கல்வீடு மாதிரி இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்திலும், கொடைக்கானல் மலையிலும் நிறைய உண்டு. மூணாறு போகிறவர்கள் மறையூரில் பார்த்திருக்கலாம். அங்கே பெயர் முனியறை. முனிவர்கள் தவம் செய்த அறை என்ற நம்பிக்கையில் வந்த பெயர்.

நெடுங்கல். ஒற்றைக் கல்லை நெட்டாக நட்டு வைப்பது. ஊர்ப்பேச்சில் குத்துக்கல். 'குத்துக்கல் மாதிரி நிக்கிறான்'னு நாம இன்னைக்கும் சொல்றோம். கொடுமணலில் ஈமக்குழிகளோடு சேர்த்து நெடுங்கல்லும் இருக்கிறது.

கல்வட்டம். உருண்டைப் பாறைகளை வட்டமாக அடுக்குவது. இது பெரும்பாலும் ஒரு அடையாள வேலி. உள்ளே தரைக்குக் கீழே பதுக்கையோ தாழியோ பேழையோ இருக்கும்.

கற்குவை. குழியை மூடியபின் மேலே சின்னக் கற்களைக் கொட்டி மேடாக்குவது. கல்வட்டமும் கற்குவையும் ஒண்ணா வருவதும் சகஜம்.

குடைக்கல், தொப்பிக்கல். கேரளத்தில் அதிகம். குடை விரித்த மாதிரி அல்லது தொப்பி கவிழ்த்த மாதிரி இருக்கும். திருச்சூர் பக்கம் சேரமனங்காட்டில் இருக்கும் குடைக்கற்கள் பிரபலம்.

தரைக்குக் கீழே இருப்பவை:

கல்பதுக்கை. கல்திட்டையின் அதே அமைப்பு, ஆனால் மண்ணுக்குள். பலகைக்கற்களால் செய்த பெட்டி. மூடுகல் தரைமட்டத்தில் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

முதுமக்கள் தாழி. ஆளை உட்கார்த்தி வைக்கிற அளவுக்குக்கூடப் பெரிய மண்பானை. தென் தமிழகத்தில் அதிகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை எல்லாம் தாழிக்காடுகள்.

ஈமப்பேழை. சுட்ட மண்ணால் செய்த நீளமான தொட்டி. கீழே பல கால்கள் இருக்கும். வட தமிழகத்தில் அதிகம்.

குடைவரைக் கல்லறை. வடக்கு, மத்திய கேரளத்தின் செம்புறைக்கல்லைக் குடைந்து செய்த அறைகள். செம்புறைக்கல் வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்று பட்டால் இறுகும். அந்தக் கல் இருக்கும் இடத்தில்தான் இந்த வகை சாத்தியம்.

எல்லாச் சின்னத்திலும் முழு உடலைத்தான் புதைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் உடல் மட்கியபிறகு எலும்புகளை மட்டும் சேகரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே குழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்பு கிடைப்பதும் உண்டு.

எப்படிக் கட்டினாங்க?

கிரேன் இல்லை, வெடிமருந்து இல்லை. ஆனாலும் டன் கணக்கில் எடையுள்ள கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நாலு கட்டமாகப் பார்க்கலாம்.

ஒன்று, கல்லைப் பிரிப்பது. தமிழ்நாட்டின் கருங்கல் பாறைகள் பல இடங்களில் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கு அடுக்காகத் தானே உரியும். அந்த விரிசலைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு நெருப்பு. பாறை மேல் விறகு அடுக்கித் தீ மூட்டினால் மேல் அடுக்கு சூடேறி விரியும், கீழ் அடுக்கு குளிர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தில் பலகை தனியாகப் பிரியும். தென்னிந்தியக் கல் உடைப்பவர்கள் அண்மைக்காலம் வரை கையாண்ட முறை இது. இன்னொரு பழைய முறை ஆப்பு. வரிசையாகக் குழி வெட்டி, காய்ந்த மர ஆப்பை இறுக்கி அடித்து, தண்ணீர் ஊற்றினால் மரம் ஊதிக் கல் பிளக்கும்.

ரெண்டு, கல்லை நகர்த்துவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 செ.மீ. கனம் உள்ள ஒரு மூடுகல் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2.7 டன். அப்படியானால் இந்தக் கல் சுமார் 3.2 டன். ரெண்டு கார் எடை. மரச்சட்டத்தில் வைத்துச் சமதரையில் இழுக்கவே எடையில் பாதி அளவுக்கு விசை தேவைப்படலாம். ஒரு ஆள் தொடர்ந்து 30 கிலோ விசையில் இழுப்பார் என்றால் 50 பேருக்கு மேல் வேண்டும். அடியில் உருட்டுக்கட்டை போட்டால் ஆள் குறையும். மேடாக இருந்தால் கூடும்.

சுசீந்திரம் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. வடம் பிடிக்க ஒரு கூட்டம், சக்கரத்துக்குப் பின்னால் தடி கொடுத்து நெம்ப ஒரு கூட்டம், முட்டுக்கட்டை போட ஒரு ஆள், குரல் கொடுக்க ஒரு ஆள். கல் இழுப்பதும் ஏறக்குறைய இதே வேலைப் பங்கீடுதான். இந்தோனேசியாவின் சும்பா தீவில் இப்படி மரச்சட்டத்தில் கல்லறைக் கல்லை ஊரே சேர்ந்து இழுக்கும் வழக்கம் நம் காலம் வரை நீடித்திருக்கிறது.

மூணு, சுவர் நிறுத்துவது. இங்கேதான் அந்தக் கால ஆட்களின் பொறியியல் மூளை தெரியும். கல்பதுக்கையைச் சாதாரணப் பெட்டி மாதிரி கட்டினால், சுற்றியுள்ள மண் அழுத்தி நாலு சுவரும் உள்ளே சரிந்துவிடும். அதனால் நாலு பலகையையும் ஒரு காற்றாடி வடிவில் நிறுத்தினார்கள். ஓலைக் காற்றாடி ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழைத் தாண்டி ஒரு பக்கமாக நீண்டிருக்கும். அதே மாதிரி ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் ஓரத்தைத் தாண்டி நீளும். மண் வெளியிலிருந்து அழுத்த அழுத்த, ஒரு கல் இன்னொரு கல்லின் மேல் சாய்ந்து முட்டுக்கொடுக்கும். அழுத்தமே பூட்டு ஆகிவிடும். சிமெண்ட் வேண்டாம், ஆணி வேண்டாம். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம் தெரியும் என்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பெயரிலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். இதற்குப் பெயர் இடுதுளை. பிறகு இறந்தவர்களின் எலும்பையோ படையலையோ உள்ளே வைக்க இது வழியாக இருந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. உயிர் வந்துபோகும் வழி என்ற நம்பிக்கையாக இருக்கலாம் என்பது இன்னொரு கருத்து.

நாலு, மூடுகல் ஏற்றுவது. சுவர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சரிவுப்பாதை அமைத்து, கல்லை அதன் மேல் இழுத்துக் கொண்டுபோய் உட்கார வைத்து, பிறகு மண்ணை அகற்றுவது ஒரு வழி. கல்பதுக்கைக்கு இது இன்னும் எளிது. அறையே குழிக்குள் இருப்பதால் கல்லைத் தரைமட்டத்தில் இழுத்து வந்தாலே போதும்.

தாழிக்கு வேறு தொழில்நுட்பம். அவ்வளவு பெரிய பானையைச் சக்கரத்தில் வைத்து வனைய முடியாது. களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றி, தட்டித் தட்டி ஒட்டவேண்டும். கீழ்ப்பகுதி கொஞ்சம் காய்ந்தபிறகுதான் மேல்பகுதி. அவசரப்பட்டால் தன் எடையிலேயே இடிந்துவிடும். ஆதிச்சநல்லூரில் தாழியை வைப்பதற்காகப் பாறைத்தரையையே குழியாக வெட்டியிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு குடும்பம் தனியாக இதைச் செய்யவே முடியாது. வேலை செய்த அத்தனை பேருக்கும் சோறு போட விளைச்சல் மிச்சம் இருந்திருக்கணும். கல் தெரிந்தவர், மண் தெரிந்தவர், இரும்பு தெரிந்தவர் தனித்தனியாக இருந்திருக்கணும். செத்தவருக்காகக் கட்டிய இந்தச் சின்னம், அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களின் சமூகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

ஒரு இடத்தில் கல், இன்னொரு இடத்தில் தாழி. ஏன்?

கையில் என்ன கிடைக்கிறதோ அதில் கட்டுவதுதான் மனித இயல்பு. பலகைக்கல் உரியும் பாறை நிறைந்த கிருஷ்ணகிரி, கொங்கு, பழனி மலைப் பக்கம் திட்டையும் பதுக்கையும் அதிகம். வண்டல் மண்ணும் குயவர் மண்ணும் உள்ள ஆற்றங்கரையில் தாழி அதிகம். ஆனாலும் இது கறாரான விதி இல்லை. ஒரே இடத்தில் ரெண்டு மூணு வகை சேர்ந்தே கிடைப்பதும் உண்டு. குலம், நம்பிக்கை, வசதி எல்லாம் இதில் பங்கு வகித்திருக்கும்.

நம்ம இலக்கியமும் இதற்குச் சாட்சி. புறநானூற்றின் 228ஆம் பாடலில் சோழன் கிள்ளிவளவனின் மறைவைப் பாடும் ஐயூர் முடவனார், அவ்வளவு பெரிய புகழுக்குத் தகுந்த தாழியை எப்படி வனைவாய் என்று குயவரிடம் கேட்கிறார். உடலை எரிப்பது, அப்படியே விடுவது, குழியில் இடுவது, தாழியால் கவிப்பது என்று பல முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததை மணிமேகலை பதிவு செய்கிறது. போரில் இறந்த வீரனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, வழிபடும் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி எழுத்து பொறித்த நடுகற்கள் அந்த மரபின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் சேர்பவை. பெயர் இல்லாத நெடுங்கல், பெயர் எழுதிய நடுகல்லாக மாறிய பாதை இது என்று பார்க்கிறார்கள்.

உலகம் இதை எப்படிப் பார்க்கிறது?

தென் கொரியாவின் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா கல்திட்டைகள் 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டன. பிரான்சின் கார்னாக் நெடுங்கல் வரிசைகள் 2025 ஜூலையில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் நடுவில் கிடக்கும் 6 டன் பலிபீடக் கல், சுமார் 750 கி.மீ. தூரத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது என்று 2024இல் ஒரு ஆய்வு சொன்னபோது அது உலகச் செய்தி.

இந்தியாவில் கர்நாடகத்தின் ஹிரேபெங்கல் கல்திட்டைகள் 2021இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. அந்தப் படிக்கட்டில் ஏறவே முதல் தகுதி ஒன்றுதான்: சின்னம் அது இருந்த இடத்தில், இருந்த நிலையில் இருக்கணும்.

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் ரெண்டு பக்கமும் பெருங்கற்காலம் உறுதியாகப் பதிவாகியிருக்கிறது. கிழக்கே ஆதிச்சநல்லூரும் சிவகளையும். ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டி, பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பொருள், இரும்புக் கருவி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைப் பட்டியலிட்டார். 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறை ஒரு சின்னப் பரப்பிலேயே 160க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. வடமேற்கே கேரளத்தின் கொல்லம் மாவட்டம் மங்காட்டில் இரும்புக்கால ஈமச்சின்னங்கள் அகழாய்வு செய்யப்பட்டு, சுமார் கி.மு. 1000 என்று காலம் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் நாஞ்சில் நாடு. ஆரல்வாய்மொழி கணவாய் இருப்பதால் மலை இங்கே சுவர் இல்லை, வாசல். நாஞ்சில் மலைத் தலைவன் நாஞ்சில் வள்ளுவனைப் புறநானூற்றில் ஔவையார் உட்படப் பலர் பாடியிருக்கிறார்கள். சங்க காலத்திலேயே பெயர் பெற்ற தலைவனும் விளைச்சலும் இருந்த நிலம்.

ஆனால் இந்த மாவட்டத்தின் தொல்லியல் கதை ரெண்டு மாநிலத்துக் கோப்புகளில் பிரிந்து கிடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இது திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையை இன்னைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. பழைய திருவாங்கூர் தொல்லியல் வெளியீடுகளின் கவனம் பெரும்பாலும் கல்வெட்டிலும் கோயிலிலும் இருந்தது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் அகழாய்வுக்கு எட்டு இடங்கள் அறிவிக்கப்பட்டன. தூத்துக்குடியின் பட்டினமருதூரும், தென்காசியின் கரிவலம்வந்தநல்லூரும் அதில் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு இடமும் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கல், எதைப் பார்த்தாலும் பெருங்கற்காலம்னு நினைப்பது. பழைய நடைபாதை ஓரங்களில் ரெண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அது சுமைதாங்கிக் கல். தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, பல நேரம் கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக வைத்தது. பார்க்க கல்திட்டை மாதிரி தெரிந்தாலும் வயதில் மிக இளையது. அதில் அறை இருக்காது, பக்கச் சுவர் இருக்காது, தோள் உயரத்துக்கு இருக்கும், உளி வேலை தெரியும், சிலதில் எழுத்தும் இருக்கும்.

சிதறால் மலையும் அப்படித்தான். இயற்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் அமைந்த சமணத் தலம் அது. அங்குள்ள ஆய் மன்னர் காலக் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டு. பெருங்கற்காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இவை எல்லாம் மதிப்பில்லாதவை என்று அர்த்தம் கிடையாது. காலம் வேறு, கதை வேறு. அவ்வளவுதான்.

ஒரு மூடி ஏன் அவ்வளவு முக்கியம்?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். சிவகளைத் தாழிகளில் ஒன்று மூடி உடையாமல், உள்ளே வெளி மண் புகாமல் கிடைத்தது. அதற்குள் இருந்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பினார்கள். வந்த காலம் கி.மு. 1155. அதை யாரும் பெரிசா சந்தேகப்படவில்லை. காரணம் எளிது. மூடி இருந்தது, நெல் உள்ளே இருந்தது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை.

கி.மு. 3345 என்ற தேதி வேறு தாழியில் கிடைத்த கரித்துண்டிலிருந்து வந்தது. மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சகானி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றில் சோதிக்கப்பட்டன. கரியின் வயது என்பது மரம் வளர்ந்த காலம். பழைய மரத்தை எரித்திருந்தால் கரி, தாழியைவிட மூத்ததாகக் காட்டும். அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே நாளில் உள்ளே போனவைதானா என்ற கேள்வியும் வரும். அதனால்தான் இவ்வளவு பழைய தேதியை இன்னும் பல தளங்களின் சான்று கொண்டு உறுதிப்படுத்தணும்னு ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அது தமிழுக்கு எதிரான பேச்சு இல்லை. எந்த நாட்டில் எந்தத் தேதி வந்தாலும் கேட்கிற கேள்விதான்.

அந்த 'இன்னும் பல தளங்கள்' எங்கே இருக்கு? ஒருவேளை நம்ம தோப்புக்கு அடியில் இருக்கலாம். ஆனால் கலையாமல் இருந்தால்தான் அது பதில் சொல்லும். கலைந்த தாழியில் பானை இருக்கும், இரும்பு இருக்கும், காலம் மட்டும் இருக்காது.

கலைவது எப்படி? கல் குவாரிக்குப் பலகைக்கல்லும் உருண்டைப் பாறையும் வெறும் ஜல்லி. வீட்டுமனை போடுபவருக்குக் கற்குவை என்பது சமப்படுத்த வேண்டிய மேடு. தோட்டம் போடும்போது ஜேசிபி ஒரே வாரில் தாழியை நொறுக்கிவிடும். இது போதாதென்று, புதையல் இருக்குன்னு தோண்டுபவர்கள் வேறு. பெரும்பாலான ஈமக்குழிகளில் இருப்பது பானையும் துருப்பிடித்த இரும்பும்தான். விற்றால் காசு வராது. உடைத்தால் வரலாறு போகும்.

அஸ்திவாரம் தோண்டும்போது தாழி வந்தா என்ன செய்யணும்?

முதலில், வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்க. மூடியைத் திறக்காதீங்க, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளாதீங்க. அந்த மண்ணும்கூட ஆய்வு மாதிரிதான்.

எதையும் எடுக்கும் முன்பு போட்டோ எடுங்க. அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவோ செங்கலோ வையுங்க. போனில் லொகேஷனைச் சேமித்து வையுங்க.

எலும்பையோ பானை ஓட்டையோ தண்ணீரில் கழுவாதீங்க. ஒட்டியிருக்கும் உமி, கரி, தானியம் எல்லாம் போய்விடும்.

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிங்க. கன்னியாகுமரியில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ சொன்னாலும் தகவல் போய்ச் சேரும். பதிவு செய்த நகலை வைத்துக்கொள்ளுங்க.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். மறைத்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பழம்பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கடத்துவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு.

'சொன்னா நிலத்தைப் பிடுங்கிடுவாங்க' என்ற பயம்தான் பலரை வாயடைக்க வைக்கிறது. இங்கே ஒன்றைப் புரிஞ்சுக்கணும். அந்த 100 மீட்டர் தடை, அரசு முறைப்படி பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களுக்கானது. ஒரு தாழி கிடைத்ததுமே அந்த நிலம் தானாக அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடாது. அதே நேரம், மக்களின் இந்தப் பயத்தைப் போக்குவது அரசின் கடமை. தகவல் சொன்னவர் வீட்டு வேலை மாதக்கணக்கில் நின்றுபோனால், அடுத்தவர் சொல்லமாட்டார். குறித்த நாளுக்குள் ஆய்வாளர் வந்து பார்த்து, பதிவு செய்து, மீட்டெடுத்து, நிலத்தைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் முழுமையான கள ஆய்வும் வேண்டும்.

சிவகளை அரசின் கவனத்துக்கு வந்ததே உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மேட்டில் கிடந்த பானை ஓடுகளைக் கவனித்து, விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான். அகழாய்வு அதற்குப் பிறகு வந்தது, கி.மு. 3345 அதற்கும் பிறகு வந்தது. தோவாளையிலோ பூதப்பாண்டியிலோ கல்குளத்திலோ ஒரு மேட்டில் கறுப்பும் சிவப்புமாக ஒரு ஓடு கண்ணில் பட்டால், அதை எடுத்து வீட்டு ஷோகேஸில் வைக்காமல், எங்கே கிடந்தது என்று எழுதி வைத்துத் தகவல் கொடுங்க. அந்த ஓட்டைவிட அது கிடந்த இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.